தளர்த்திக் கட்டிய சேலை

அம்மாவைக் குளிப்பாட்டிக் கோடிச் சேலை உடுத்தியபோது என் அக்கா போட்ட சத்தம், வாசலில் நின்றிருந்த ஆண்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இறுக்கிக் கட்டாதீங்க! ஆரும் இறுக்கிக் கட்டாதீங்க!"

சேலை உடுத்திக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கோடி கொண்டுவந்த பிறந்த வீட்டாருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "போய்ச் சேந்தவங்களுக்குச் சேலை இறுகுனா என்ன, தளந்தா என்ன" என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. அக்கா பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று ஏன் அப்படி என்று பிறகு பலர் என்னிடம் விசாரித்தீர்கள். துக்க வீட்டில் விளக்கம் சொல்ல முடியவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் ஓராண்டு ஓடிவிட்டது. அம்மாவின் முதலாம் ஆண்டு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அந்த விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத வேண்டியது நான்தான் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, முடிவு செய்துவிட்டார். "பத்திரிகையில சிரிக்கச் சிரிக்க எழுதறவன் நீதானே மாப்ள" என்றார். சேலத்தில் ஆபீஸ் வேலைக்கு நடுவே நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் நான். அவற்றைப் படித்துச் சிரித்ததாக உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நானேதான். அம்மாவின் அன்பு, பொறுமை, விருந்தோம்பல் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அவரைப் பற்றி எங்களுக்குக் கடைசி வரை புரியாமல் போன ஒன்றை நான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது தருமபுரிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். தேதி யாருக்கும் தெரியாது. "சொதந்தரம் வந்த அடுத்த மழைக்கு" என்பார். அந்த மழை ஒழுங்காகப் பெய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார். அடுத்தடுத்த மழைகளும் ஏமாற்றியதால் குடும்பம் பிழைப்புத் தேடிச் சேர்வராயன் மலைக்கு ஏறியது. மஞ்சக்குட்டைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவுக்குக் காப்பிச் செடியின் உயரம்கூட இல்லையாம். அதே எஸ்டேட்டில் பழத்தோல் உரிக்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அக்காவும் நானும் பிறந்தோம். அக்கா பிறந்த அன்று காலையில்கூட அம்மா பழம் பறித்துக்கொண்டிருந்தார் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்பட்ட கதை. அந்த வேளையில் அவருக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

எஸ்டேட் பெண்கள் சேலை கட்டும் முறை உங்களில் பலருக்குத் தெரியும். சேலைக்கு மேல் ஒரு துண்டை இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிவார்கள். குளிர் ஏறாது, அட்டை ஏறாது, முதுகு நிற்கும். அதற்கு மேல் பழம் பறிக்கும் பையைக் கட்டுவார்கள். பை நிறைய நிறைய முடிச்சு இறுகும். முடிச்சு தளர்ந்த பெண்ணைச் சோம்பேறி என்பார்கள். அம்மாவின் முடிச்சு தளர்ந்து நான் பார்த்ததில்லை. வேலையிலிருந்து நின்று, அப்பாவும் காலமாகி, மஞ்சக்குட்டையில் அக்கா வீட்டோடு வந்து இருந்த பிறகும் காலையில் முதல் காரியம் இடுப்பை இறுக்குவதுதான்.

வலி என்ற சொல் அம்மாவிடம் கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது. காலையில் பேர் கூப்பிடும்போது, வந்தவர்கள் பேரைப் பதிவேட்டில் போடும் ரைட்டர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். சுணங்கி நிற்பவரை "நீ போய்ப் படுத்துக்கோ" என்று அனுப்பிவிடுவார். கேட்க நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். அன்றைய கூலி கிடையாது. அதனால் காய்ச்சலோ கால் சுளுக்கோ, ரைட்டர் கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லீங்க ஐயா, நல்லாருக்கறனுங்க." அந்தப் பதிலைச் சொல்லியே அம்மா எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

மறதி வந்ததை நாங்கள் முதலில் கவனித்தது சேர்வராயன் கோயில் திருவிழாவில். குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்த அம்மா, "இது ஆரு ஊடு கண்ணு? இத்தன சனம் வந்துருக்குது, எல்லாத்துக்கும் சோறாக்கியாச்சா?" என்று அக்காவிடம் கேட்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு ஒண்டிக்கடை முக்குக்குப் போகும்போதெல்லாம் உப்பு வாங்கி வந்தார். வீட்டில் உப்பு மலை போலக் குவிந்தது. அதற்கும் சிரித்தோம். எங்கள் குடும்பத்தில் எதற்கும் முதலில் சிரிப்போம். அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் என் பங்கு பெரியது.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிற்று. மூக்குக்கண்ணாடியும் சட்டைப் பையில் பேனாவுமாக நான் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால், என்னை எஸ்டேட் ரைட்டர் என்று எடுத்துக்கொண்டார். கட்டிலை விட்டு எழுந்து நின்று, "ஐயா, எம்பேரு போட்டாச்சுங்களா?" என்பார்.

"அம்மா, நான் ரைட்டர் இல்லீங்க. உங்க பையன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மரியாதையாகச் சிரிப்பார். "ஐயா தமாசு பண்றாரு."

என் வாழ்நாளில் அம்மா என் நகைச்சுவைக்குச் சிரித்தது அப்போதுதான். ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன். ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவின் இடுப்பில் இடது பக்கம் கொப்புளங்கள் கிளம்பின. அக்கி என்று பார்த்தவுடனே தெரிந்தது. அக்கா அவரை மலையடிவாரத்துக் குயவர் ஒருவரிடம் அழைத்துப் போய், வழக்கப்படி காவி குழைத்து அக்கி எழுத வைத்துக் கூட்டி வந்தார். டாக்டரிடம் போகவில்லை. கொப்புளங்கள் வாடின, பொருக்குத் தட்டின, உதிர்ந்தன. அக்கி போயிற்று என்று நாங்களும் அதை மறந்தோம். மறதி அம்மாவுக்கு மட்டும் வந்த நோயாக அப்போது எண்ணியிருந்தோம்.

அதன் பிறகுதான் அம்மா மாறினார். சேலை உடுத்தவிட மாட்டார். உடுத்திவிட்டால் அவிழ்த்துப் போடுவார். உள்பாவாடை நாடாவைக் கட்டப் போகும் அக்காவின் கையில் அடிப்பார். ஒரு முறை கடித்தும் விட்டார். தெருவோடு போகிறவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று அக்காவுக்கு உயிர் போகும். முந்தானை விலகாமல் வாழ்ந்த மனுஷிக்குக் கடைசிக் காலத்தில் இப்படியா என்று அழுதுகொண்டே நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்குவார். அம்மா அலறுவார். உறவுகள் ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். சாமிக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம் என்றீர்கள். நான் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போய், துணியை அவிழ்க்கிறார், அடிக்கிறார், கத்துகிறார் என்று சொன்னேன். நான் சொன்ன மூன்றுக்கும் சேர்த்து அவர் தூக்க மாத்திரை எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்கி வந்ததை நான் சொல்லவே இல்லை.

இந்த நாட்களில் அம்மாவிடம் இன்னொரு புதிய பழக்கத்தையும் பார்த்தோம். இடது கையை இடுப்புக்குச் சற்றுத் தள்ளி, துணியைத் தூக்கிப் பிடித்தாற்போல வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த எனக்கு ஒரு மேதாவித்தனமான விளக்கம் உதித்தது.

"அக்கா, அம்மா என்ன பண்றாங்கன்னு தெரியுதா? பழப்பையப் புடிச்சுக்கிட்டிருக்காங்க. மனசு எஸ்டேட்டுக்குப் போயிருச்சு."

"அட, ஆமாண்டா" என்றார் அக்கா. மாமா உச்சுக்கொட்டினார். வீடே நெகிழ்ந்து போயிற்று. நினைவு போனாலும் கைக்கு வேலை மறக்கவில்லை என்று நான் ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். பரண் மேல் கிடந்த பழைய பையை மாமா தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அதை அம்மாவின் இடுப்பில் கட்டியவன் நான். எஸ்டேட் முறைப்படி, நன்றாக இறுக்கி.

அம்மா ஒரு கத்துக் கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கத்தல் சட்டென்று நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல், விறைத்து உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"பாத்தீங்களா, பழைய ஞாபகம்" என்றேன் நான்.

ரைட்டர் முன்னால் அம்மா அழுது கத்த மாட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தக் காட்சியை இரண்டு மூன்று கல்யாண வீடுகளில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக் கண் கலங்கியவர்கள் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பீர்கள். உங்கள் கண்ணீரை நான் திருப்பித் தர முடியாது. அது தப்பான காரணத்துக்கு வாங்கிய கண்ணீர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உண்மை வெளியே வந்ததற்குக் காரணம் ஏற்காட்டு மூடுபனி. அடைமழையும் பனியுமாக வெயிலே தலைகாட்டாத ஒரு வாரம். துவைத்த பாவாடை ஒன்றுகூடக் காயவில்லை. வேறு வழியில்லாமல் அக்கா தன்னுடைய பழைய நைட்டி ஒன்றை அம்மாவுக்கு மாட்டிவிட்டார். துவைத்துத் துவைத்து நைந்து போன பருத்தித் துணி. அம்மா ஆயுசில் நைட்டி போட்டதில்லை. போட்டவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை. அக்கா கதவைச் சாத்தி வைத்தார்.

அன்று அம்மா கத்தவில்லை. தட்டில் வைத்த சோற்றை முழுதும் சாப்பிட்டார். மத்தியானம் அக்காவின் கன்னத்தைத் தடவி, "எளச்சுப் போய்ட்டயே கண்ணு" என்றார். அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நைட்டி போட்டா அம்மா சும்மா இருக்கறாங்கடா."

"அம்மா மாடர்ன் ஆயிட்டாங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

"வெளையாடாத. நேத்து ஒறம்பர சனம் வந்தாங்கன்னு சேலைய மாத்தி உட்டேன். மறுக்காவும் அதே அலறல். அவுத்து உட்டேன், அடங்கீருச்சு. அங்க என்னமோ இருக்குதுடா. வா, டாக்டர்கிட்டப் போலாம்."

ஏற்காட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வயதில் சிறியவர். அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, "எங்கயாச்சும் வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்லாருக்கறனுங்க."

"பாருங்க, வலியில்லைங்கறாங்க" என்றேன் நான், மொழிபெயர்ப்பாளன் போல.

"அவங்க சொன்னதக் கேட்டுக்கிட்டேன் சார். இப்ப பாக்கணும்" என்ற டாக்டரம்மா அக்காவிடம் திரும்பினார். "வீட்ல கட்டற மாதிரியே சேலை கட்டி விடுங்க. நான் அவங்க மொகத்தைப் பாத்துக்கறேன்."

அக்கா நாடாவை எடுத்தார். நாடா இடுப்பில் படுவதற்கு முன்பே அம்மாவின் புருவம் சுருங்கியது. மூச்சு நின்றது. விரல்கள் மடங்கின. கால் பின்வாங்கியது. பிறகுதான் அடி விழுந்தது. இத்தனையும் தினம் நடந்திருக்கிறது. நாங்கள் அந்தக் கடைசி அடியை மட்டும் பார்த்திருக்கிறோம்.

"போதும், எடுத்துருங்க" என்றார் டாக்டரம்மா. இடுப்புப் பக்கம் துணியை விலக்கினார். இடது இடுப்பிலிருந்து முன்வயிறு வரை அரைஞாண் போலப் பழைய தழும்புகள். "அக்கி வந்துச்சா?" பஞ்சை மெல்லிசாகத் திரித்து வலது பக்கம் தொட்டார். அம்மா பேசாமல் இருந்தார். இடது பக்கம் தொட்டார். பஞ்சுதான். அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது.

கொப்புளம் ஆறினாலும் உள்ளே நரம்பு ஆறாமல் போவதுண்டு என்று அவர் விளக்கினார். வயதானவர்களுக்கு அது அதிகம். துணி உரசினால்கூட நெருப்புப் பட்டது போல இருக்கும். அம்மா பையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. துணி மேலே படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மறதி வந்தவங்களுக்கு வலி கொறஞ்சிடாதுங்க. எங்க வலிக்குது, எப்ப இருந்துன்னு சேத்துச் சொல்றதுதான் போயிடுது. வாய் சொல்லாதத ஒடம்பு சொல்லும். ஒருத்தர் சோத்துத் தட்டத் தள்ளித் தள்ளி விடறார்னு கூட்டிட்டு வந்தாங்க. பாத்தா கடவாய்ப் பல்லு அழுகியிருக்குது. இன்னொரு அம்மா ராவும் பகலும் நடந்துக்கிட்டே இருந்தாங்க. நீர் எறங்காம அடிவயிறு கல்லாட்டம் இருந்துச்சு. மலச்சிக்கலா இருக்கும், மூட்டா இருக்கும், காதா இருக்கும். திடீர்னு கொணம் மாறுனா, கிறுக்குன்னு சொல்றதுக்கு முன்னால ஒடம்பத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவ பாருங்க. எந்த வேலை செய்யறப்பக் கத்தறாங்கன்னு பாருங்க. வலி அங்கதான் இருக்கும்."

"எவ்வளவு நாளா இருந்திருக்கும் டாக்டர்?"

"கொப்புளம் வந்ததுல இருந்தே."

திரும்பி வரும் ஜீப்பில் அக்கா அம்மாவின் வலது பக்கம் மாறி உட்கார்ந்தார். ஒண்டிக்கடை தாண்டியதும், "ரெட்ட முடிச்சுப் போட்டனேடா" என்றார். எனக்கும் ஒரு முடிச்சுக் கணக்கில் இருந்தது.

டாக்டரம்மா நரம்பு வலிக்கு மாத்திரை கொடுத்தார். தூக்க மாத்திரையை மெல்லக் குறைத்தார். எரிச்சல் முழுதும் போகவில்லை, தணிந்தது. அம்மா நைட்டியிலேயே இருந்தார். பார்க்க வந்த உங்களில் சிலர், "பெத்தவள இந்தக் கோலத்துலயா வெப்பாங்க" என்று அக்காவிடம் கேட்டீர்கள். அக்கா காப்பி கொடுத்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் இது.

இன்னும் ஒன்று பாக்கி. மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிய, எரிச்சல் எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் கேட்பேன். அம்மா "நல்லாருக்கறனுங்க ஐயா" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலருகே உட்கார்ந்தேன். அம்மா எழுந்து நிற்கப் பார்த்தார்.

"ஐயா, எம்பேரு போட்டாச்சுங்களா?"

வழக்கமான திருத்தம் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ அன்று அதை விழுங்கிவிட்டேன்.

"போட்டாச்சு, உக்காருங்க. இன்னிக்குத் தொரை உத்தரவு ஒண்ணு வந்துருக்குது. ஒடம்பு முடியாதவங்களுக்கெல்லாம் லீவு. கூலி புடிக்க மாட்டாங்க."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "நெசமாலுமுங்களா?"

"நெசந்தான்."

அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்படீன்னாச் சொல்றனுங்க. இந்த எடது பக்கம் எரியுதுங்க ஐயா. நெருப்பாட்ட எரியுது. நொம்ப நாளா இருக்குதுங்க. மத்த பொம்பளைங்ககிட்டச் சொல்லீராதீங்க."

"சொல்ல மாட்டேன். லீவு எழுதியாச்சு. படுத்துக்குங்க."

படுத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் அக்கா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து, அம்மா தன் வலியைச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் முறை. அதையும் எங்களிடம் சொல்லவில்லை, ரைட்டரிடம் சொன்னார். அன்று முதல் நான் திருத்தவில்லை. வாரா வாரம் ரைட்டராகப் போய் லீவு எழுதிவிட்டு வந்தேன். பிள்ளையாக இருந்து எனக்குக் கிடைக்காத பதில் அந்த வேலையில் கிடைத்தது. கொப்புளம் கிளம்பிய அந்த மழைக்காலத்திலேயே ரைட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கத்தான் செய்தார், பேரு போட்டாச்சா என்று.

பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, சில நாள் படுக்கையில் இருந்து, ஒரு காலை நேரத்தில் அம்மா அடங்கினார். இனிக் கோடிச் சேலைக்கு வருகிறேன். பிறந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் குறையொன்றும் செய்யவில்லை. எஸ்டேட்டில் பேர் வாங்கிய மனுஷி, போகும்போதும் கட்டுக் குலையாமல் போக வேண்டும் என்று பழைய முறைப்படி இடுப்பை இறுக்கினார்கள். நானும் ஒரு நாள் அதே மரியாதையைச் செய்தவன்தான். அம்மாவின் இடது இடுப்பில் அந்த முடிச்சு இறுகுவதைக் கண்ட அக்காவுக்கு, அம்மா இறந்துவிட்டார் என்பது அந்த நிமிஷத்தில் மறந்து போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. மனம் நொந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. முகத்தைப் பார்த்து வைத்தியம் செய்த டாக்டரம்மாவுக்கு. பனியிலும் மழையிலும் அம்மாவை ஏற்றி இறக்கிய மஞ்சக்குட்டை ஜீப்காரர்களுக்கு. கடித்த வாய்க்குச் சோறு ஊட்டிய அக்காவுக்கும், உப்பு மலையை முகம் சுளிக்காமல் கரைத்த மாமாவுக்கும். துக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் எப்போது கத்துகிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எனக்காக அல்ல, அவருக்காக.

கடைசியாக எங்கள் சின்னம்மாவுக்கு. அன்று எல்லோரும் கையை எடுத்துக்கொண்டு அக்காவை முறைத்தபோது, அவர் மட்டும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "அதுக்கென்ன சாமி, தளர்த்தீட்டாப் போச்சு" என்று சொல்லி, குனிந்து, அம்மாவின் இடது பக்கம் கையே படாமல் முடிச்சை அவிழ்த்து, வலது பக்கமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டிவிட்டார்.